ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்: கட்டுவது ஒரு வடிவில், கணக்குப் போடுவது வேறு வடிவில்

வடசென்னையின் தெருச் சந்திப்புகளை ஒரு மேட்ரிக்ஸில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரை ஒரு சந்திப்பு, நிரல் இன்னொன்று, கட்டத்துக்குள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம். கணக்குக்கு 20,000 சந்திப்புகள் என்றால் 40 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் வீதம் 3.2 ஜிபி. ஆனால் எந்தச் சந்திப்பிலிருந்தும் நேராகப் போக முடிவது மூன்று, நான்கு இடங்களுக்குத்தான். நான்கு என்றே வைத்தாலும் உருப்படியான எண்கள் 80,000, மிச்சமெல்லாம் பூஜ்யம். இப்படிப் பெரும்பாலும் பூஜ்யமாக இருப்பதுதான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்.

பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுத மூன்று பட்டியல் போதும். ரயில் பாதையில் ஐந்து நிலையங்களை எடுங்கள்: 0 ராயபுரம், 1 வண்ணாரப்பேட்டை, 2 பேசின் பிரிட்ஜ், 3 கொருக்குப்பேட்டை, 4 தண்டையார்பேட்டை. இவற்றுக்குள் நேர் இணைப்புகள் 0-1, 1-3, 2-3, 3-4. இரு திசையும் சேர்த்து 8 பதிவுகள்.

நிரல் பட்டியல் (ஒவ்வொரு நிரையிலும் பதிவு உள்ள நிரல்கள், வரிசையாக): 1, 0, 3, 3, 1, 2, 4, 3
சுட்டிப் பட்டியல் (ஒவ்வொரு நிரையும் நிரல் பட்டியலில் தொடங்கும் இடம், கடைசியில் மொத்தம்): 0, 1, 3, 4, 7, 8

மூன்றாவது பட்டியல், அந்த 8 பதிவுகளின் தூரங்கள். கொருக்குப்பேட்டையின் அண்டை நிலையங்கள் வேண்டுமா? அதன் எண் 3. இடங்களை 0-விலிருந்து எண்ணினால், சுட்டியில் 3-வது இடத்தில் 4, அடுத்து 7. நிரல் பட்டியலில் 4 முதல் 6 வரை படித்தால் 1, 2, 4. தேடலே இல்லை. இதுதான் சி.எஸ்.ஆர்., அதாவது நிரைவாரியாகச் சுருக்கிய வடிவம். சந்திப்புக் கணக்குக்கு 80,000 × 12 பைட் (தூரத்துக்கு 8, நிரல் எண்ணுக்கு 4), அதோடு சுட்டிகளுக்கு 20,001 × 4 பைட்; சுமார் 1.04 எம்பியில் முடிந்துவிடும்.

இதே அமைப்புதான் புதுப் பதிவு சேர்க்கும்போது கழுத்தை அறுக்கும். நடுவில் ஒரு எண்ணைச் செருகினால் பின்னால் உள்ளவை எல்லாம் நகர வேண்டும், சுட்டிகளும் மாற வேண்டும். லூப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகினால் சைபை (பைத்தானின் கணித நூலகம், SciPy) எச்சரிக்கை கொடுக்கும். பலர் அதை அணைத்துவிட்டு, புரோகிராம் ஏன் இப்படி ஊர்கிறது என்று கேட்பார்கள். நிரை, நிரல், மதிப்பு என மூன்று சாதாரண லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போய், எல்லாம் முடிந்ததும் அந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் சி.ஓ.ஓ. வடிவமாக்கி, ஒரே முறை சி.எஸ்.ஆருக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒரு பொறி உண்டு: ஒரே இடத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் சைபை அவற்றைக் கூட்டிவிடும். இரண்டு வார்டு கோப்புகளின் எல்லையில் ஓடும் சாலை இரண்டிலும் இருந்தால், 400 மீட்டர் சத்தமில்லாமல் 800 ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பயண எண்ணிக்கை போன்ற தரவுக்குக் கூட்டல்தான் தேவை. தூரத்துக்கு அது விஷம். மாற்றுவதற்கு முன்பே இரட்டைப் பதிவுகளைக் களையுங்கள்.

சேமித்த பூஜ்யமும் தொல்லைதான். பதிவான மதிப்பை 0 என்று மாற்றிய பிறகு பூஜ்யங்கள் பதிவாகவே தங்கி இடத்தை அடைத்தால் துடைத்துவிடலாம். ஆனால் பாதைக் கணக்கில் 0 தூரமுள்ள இணைப்பும் இருக்கக்கூடும். துடைத்தால் பாதையே அறுந்துவிடும்.

ஒருவழித் தெருக்கள் இருந்தால் மேட்ரிக்ஸ் சமச்சீராக இருக்காது. சி.எஸ்.ஆர். சொல்வது வெளியே போகும் வழிகளை. உள்ளே வருபவை வேண்டுமானால் நிரல்வாரியான சி.எஸ்.சி. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் 2 எம்பிதான், கஞ்சத்தனம் வேண்டாம்.

சமன்பாடு தீர்க்க இன்வர்ஸ் (நேர்மாறு மேட்ரிக்ஸ்) எடுக்காதீர்கள், ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸின் இன்வர்ஸ் பெரும்பாலும் நிரம்பிவிடும், மறுபடி 3.2 ஜிபி. அதை நேரடியாகத் தீர்க்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். நிரல், சுட்டி எண்களுக்கு 32 பிட் போதும், பதிவுகள் 214 கோடியைத் தாண்டாதவரை. கட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் சி.எஸ்.ஆர். சாதாரண அரேயைவிட அதிக இடம் பிடிக்கும். வேகமோ அதற்கு வெகு முன்பே அடிபடும்.