பழைய வீடு லேண்ட்மார்க் ஆகத் தகுதியானதா என்று பார்ப்பது எப்படி

நான் குடியிருக்கும் வீட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஓஹாயோவில், ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீடு இங்கே பங்களா என்று சொல்லும் வகை: மாளிகை இல்லை, தாழ்ந்த கூரையும் அகலமான முன்திண்ணையும் உள்ள சிறிய மர வீடு. அதன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஆனால் அதை ஊரின் வரலாற்றுச் சின்னமாக, இங்கத்திய பேச்சில் லேண்ட்மார்க்காக, அறிவிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதே தெருவில் அதே வடிவத்தில் இன்னும் ஐந்து வீடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் பழைய ஜன்னல்களும் திண்ணைத் தூண்களும் அப்படியே நிற்கின்றன. என் வீட்டில் இரண்டையும் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள்.

ஊரின் வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவில் இது எனக்கு ஏழாவது வருடம். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம். மனுவோடு வருகிறவர்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்வது "ரொம்பப் பழசு" அல்லது "ரொம்ப அழகு". இரண்டுமே உண்மையாக இருக்கலாம். குழு கேட்பது வேறு. இந்த வீடு ஊரைப் பற்றி என்ன சொல்கிறது? அதை இதைவிட நன்றாகச் சொல்லும் வீடு வேறு இருக்கிறதா? சொல்லும் அளவுக்கு வீடு மிச்சம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தேடுவதுதான் வேலை. மனு எழுத உட்காருவதற்கு முன்பே அதை நீங்களே செய்துவிடலாம்.

பலர் இரண்டு பட்டியல்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியப் பூங்காத் துறை வைத்திருக்கும் தேசியப் பதிவேடு ஒன்று. ஊர் தன் சொந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கும் பட்டியல் இன்னொன்று. தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற வீட்டை உரிமையாளர் தன் சொந்தக் காசில் இடித்தால், அந்தப் பதிவேடு தடுக்காது. கையைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் பெரும்பாலும் ஊர்ப் பட்டியலுக்குத்தான். வெளிப்புறத்தை மாற்றவோ இடிக்கவோ குழுவின் அனுமதி வேண்டும். வீட்டுக்குள் சமையலறையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதில் பொதுவாக யாரும் தலையிடுவதில்லை. இப்படி ஒரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த ஊர் தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன், 1931இல். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபத்துக்குப் பிறகு, 1965இல் அந்த நகரமும் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து, கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்ப நினைத்த ரயில் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஊர்களுக்கு இப்போது இருக்கும் தைரியம் அந்தத் தீர்ப்பு கொடுத்தது.

அதனால்தான் இந்த முடிவை லேசாக எடுக்கக் கூடாது. நாளைக்கு அந்த வீட்டை வாங்குகிறவர், அதற்கடுத்து வாங்குகிறவர், எல்லோரையும் இது கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஊர்ச் சட்டத்தின் வாசகத்தில். ஊருக்கு ஊர் அது மாறும். பல ஊர்களில் குறைந்தது ஐம்பது வருடம் ஆகியிருக்க வேண்டும், நியூயார்க்கில் முப்பதே போதும். சில ஊர்களில் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. தகுதிகளைப் பெரும்பாலான ஊர்கள் தேசியப் பதிவேட்டின் அளவுகோலைப் பார்த்தே எழுதியிருக்கின்றன: முக்கியமான நிகழ்வு அல்லது வரலாற்றுப் போக்கு, முக்கியமான மனிதர், கட்டடக் கலை, இனிமேல் தகவல் தரக்கூடிய தொல்பொருள். ஒன்று பொருந்தினாலே போதும். நான்கும் பொருந்துவதாகக் காட்ட இழுத்துப் பிடிக்கும் மனு எப்போதும் பலவீனமாகவே இருக்கும்.

அழகு ஒரு தகுதி மட்டுமே என்பதற்கு நான் புதியவர்களிடம் சொல்லும் உதாரணம் செயின்ட் லூயிஸில் லபாடி அவென்யூவில் இருக்கிறது. இரண்டு மாடிச் செங்கல் வீடு. அதே மாதிரி அந்த ஊரில் எத்தனையோ உண்டு. 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அதை வாங்கியது. கறுப்பர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அந்தப் பகுதி உரிமையாளர்கள் 1911இல் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. 1990இல் அந்த வீடு தேசிய வரலாற்றுச் சின்னமானது. தெருவில் நடந்து போகிற யாரும் நின்று பார்க்கும் வீடு இல்லை அது. நாடு முழுக்க வீடு வாங்குவதன் சட்டத்தை மாற்றிய வீடு.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளை மர வீடு. உரிமையாளர் இறந்து, வாரிசு விற்கப்போவதாகப் பேச்சு. வாங்குகிறவர் இடிப்பார் என்று அக்கம்பக்கத்தில் பயம். மனு வந்தது. அதில் எழுதியிருந்தது: லிங்கன் ஒரு இரவு தங்கிய வீடு.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள், நம்பிவிடவும் வேண்டாம். தேதியைப் பாருங்கள். லிங்கன் கொல்லப்பட்டது 1865இல். அப்போது அந்த வீடு இருந்ததா?

கவுண்ட்டி (இங்கே மாவட்டம் மாதிரி) ஆடிட்டரின் சொத்து வரிப் பதிவில் கட்டிய வருடம் 1900 என்று இருந்தது. முழு எண்ணாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். வரி போட வந்தவர் குத்துமதிப்பாகக் குறித்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும். அடுத்து சான்போர்ன் வரைபடங்களை எடுத்தேன். தீ காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் தயாரான வரைபடங்கள் இவை. பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊர்களை வீடு வீடாக வரைந்திருக்கிறார்கள். நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் ஏராளமாக, இலவசமாக இருக்கின்றன. வண்ணப் பிரதியைத் தேடுங்கள்: மஞ்சள் என்றால் மர வீடு, இளஞ்சிவப்பு செங்கல், நீலம் கல். உள்ளே 'டி' (D) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் குடியிருப்பு, பக்கத்தில் இருக்கும் எண் மாடிக் கணக்கு, புள்ளிக்கோடு திண்ணை. எங்கள் ஊரின் 1892 தாளில் அந்த மனை வெறுமையாக இருந்தது. 1898 தாளில் ஒரு மஞ்சள் சதுரம்.

ஆக, லிங்கன் இல்லை. மனு கொடுத்த அம்மாவின் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு கதை பொய் என்பதால் வீட்டுக்குக் கதையே இல்லை என்று ஆகிவிடாது. அங்கே நிறுத்திவிட்டுப் போகும் குழுக்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பத்திரங்களைப் பின்னோக்கிப் பிடித்தேன். கவுண்ட்டி பதிவு அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். இன்றைய பத்திரத்தில் விற்றவர் பெயரை எடுத்து, அவர் யாரிடம் வாங்கினார் என்று அடுத்த அட்டவணையில் பார்த்து, இப்படியே தாய்ப்பத்திரம் வரை போகலாம். விலை திடீரென்று பல மடங்கு ஏறியிருக்கும் இடத்தில் வெற்று மனை வீடாகியிருக்க வாய்ப்பு அதிகம். பத்திரம் உரிமையாளர் பெயரைத்தான் சொல்லும், உள்ளே யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லாது. அதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும், ஆண்டுதோறும் அச்சான ஊர் டைரக்டரிகளும். கணக்கெடுப்பில் பெயரோடு உள்ள விவரங்களை 72 வருடம் கழித்தே வெளியிடுவார்கள். 1950 கணக்கெடுப்பு 2022இல்தான் வந்தது. 1890 கணக்கெடுப்பு 1921 தீ விபத்துக்குப் பின் அனேகமாக முழுவதும் அழிந்துபோனது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பல ஊர்கள் வீட்டு எண்களை ஒரு கட்டத்தில் மாற்றியிருக்கின்றன. எண்ணை மட்டும் நம்பினால் பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கையை எழுதிவிடுவீர்கள். குறுக்குத் தெருவையும் அண்டை வீட்டார் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

1920 கணக்கெடுப்பில் அந்த எண்ணில் ஒரு விதவை, ஹங்கேரியில் பிறந்தவர். தொழில்: மருத்துவச்சி. 1930இலும் அவரே, 1940இலும் அவரே. டைரக்டரியின் தொழில் பகுதியிலும் அவர் பெயர் இருந்தது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது பின் வரிசையிலிருந்து தொண்ணூறு தாண்டிய ஒரு தாத்தா எழுந்தார். அடுத்த வாரம் தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். 1931. பிறந்த இடம் என்ற வரியில் அந்த வீட்டின் எண், கீழே மருத்துவச்சியின் கையெழுத்து. வெளிநாட்டிலிருந்து குடியேறிய ரயில் பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே அறையில் ஆறேழு பேராக இருந்த காலம். பிரசவத்துக்கு இடமில்லாத பெண்கள் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சான்றிதழ்களைக் கேட்டு ஊரில் சொல்லிவிட்டோம். மொத்தம் பதினேழு வந்தன.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் பெரிய உழைப்பு தேவைப்படவில்லை. அந்தக் குடியேறிகளின் வாழ்க்கையைச் சொல்ல ஊரில் அதுவரை ஒரு லேண்ட்மார்க்கும் இல்லை. இருந்தவை எல்லாம் வங்கி முதலாளிகளின் வீடுகள்.

மூன்றாவதுதான் கண்ணையும் கையையும் கேட்கும் வேலை. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கும் பரணுக்கும் போங்கள். வரவேற்பறையைப் பலர் மாற்றியிருப்பார்கள், பரணை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கைமரங்களில் ரம்பத்தின் தடம் பாருங்கள். வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம், நேர் கோடுகள் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலம். ஆணியைப் பாருங்கள். பக்கவாட்டில் சரிந்து குறுகும் சதுர வெட்டு ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது, 1890களில் உருண்டையான கம்பி ஆணி அதை ஓரங்கட்டியது. அந்த மருத்துவச்சி வீட்டின் பரணில் எல்லாமே கம்பி ஆணி. வரைபடம் சொன்னதும் ஆணி சொன்னதும் ஒத்துப்போயின. ஒரே ஒரு ஆணியை வைத்து முடிவுக்கு வராதீர்கள், பழுதுபார்க்க அடித்ததாக இருக்கலாம். 1978க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், எதையும் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

வெளியே வந்தால் வினைல் சைடிங், அதாவது சுவரை மூடும் பிளாஸ்டிக் பட்டைகள். பலர் இதைப் பார்த்ததும் "போச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். வினைல் பெரும்பாலும் பழைய பலகையின் மேல் அடித்த போர்வைதான். ஒரு மூலையை நிபுணரை வைத்து விலக்கிப் பார்த்தோம், அடியில் மரப்பலகை நன்றாக இருந்தது. ஜன்னல்களின் அளவும் இடமும் மாறாமல் இருப்பது, கூரையின் வடிவம், திண்ணை, இவைதான் எனக்கு முக்கியம். கண்ணாடி மாறியிருந்தால் பொறுத்துக்கொள்வேன், ஜன்னல் துவாரத்தையே அடைத்துப் பெரிதாக்கியிருந்தால் யோசிப்பேன். தேசியப் பதிவேடு இதற்கு ஏழு அம்சங்களைச் சொல்கிறது: இடம், வடிவமைப்பு, சூழல், பொருள்கள், கைவேலை, உணர்வு, தொடர்பு. நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளியது. அந்த மருத்துவச்சி இன்று தெருமுனையில் வந்து நின்றால் தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்வாரா? என் பங்களாவைக் கட்டியவர் அதை அடையாளம் காண மாட்டார்.

உரிமையாளரிடம் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். வாரிசுக்கு விஷயம் அறிவிப்புக் கடிதம் மூலம்தான் தெரிந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நேரில் போய்ச் சான்றிதழ்களை மேசையில் பரப்பிக் காட்டிய பிறகுதான் பேச்சே தொடங்கியது. வரிச் சலுகை கிடைக்கும் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிடாதீர்கள். மத்திய அரசின் 20 சதவீத வரிக் கழிவு வருமானம் தரும் கட்டடங்களுக்குத்தான், தான் குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. மாநிலச் சலுகைகள் இடத்துக்கு இடம் மாறும்.

மனுவில் முக்கியமான காலம் எது என்று எழுத வேண்டும். நாங்கள் 1919 முதல் 1946 வரை என்று எழுதினோம், அவர் அங்கே தொழில் செய்த வருடங்கள். இந்த வரியை யோசித்து எழுதுங்கள், வீட்டில் எது 'அசல்', எது 'மாற்றம்' என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அந்த வீட்டின் கிழக்குப் பக்கத்தில், இரண்டு படிகளோடு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. 1898 வரைபடத்தில் அங்கே படி இல்லை, 1920களின் தாளில் இருக்கிறது. வீட்டின் அழகைக் கெடுக்கிறது, எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கலாம் என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். முன் திண்ணையில் எல்லோரும் பார்க்க ஏறாமல், இரவில் வலியோடு வந்த பெண்கள் உள்ளே போன வழி அது. பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் அந்தக் கதவைத்தான் முதலில் எழுதினோம்.