நொய்டா, குருகிராம் பக்கம் வேலை கெடைச்சிருக்கா? ஓகே சொல்றதுக்கு முன்னாடி காத்தையும் கணக்குல எடுங்க

நம்ம இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்துப் பிள்ளை ஒண்ணுக்கு டெல்லிய ஒட்டின நொய்டாலயோ குருகிராம்லயோ ஐடி, அக்கவுண்ட்ஸ்னு ஆஃபர் வந்தா வீட்ல மொத கேள்வி சம்பளம் எவ்வளவு, அடுத்தது சாப்பாடு எப்பிடி. காத்தப் பத்தி யாரும் கேக்குறதில்ல, நமக்கு அது ஓசியில கெடைக்கிற சாமான்.

இன்டர்வியூவுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்ல போயிட்டு வந்து "வானம் நல்லாத்தானே இருக்கு"ன்னு முடிவெடுக்காதீங்க. அது மழை சீசன், தூசிய எல்லாம் கழுவிவிட்டிருக்கும். பாக்க வேண்டியது நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும். அக்டோபர் கடைசில பஞ்சாப், ஹரியானால நெல்லு அறுத்த வயல்ல மிச்சத் தாளக் கொளுத்துவாங்க, கோதுமை வெதைக்கிற அவசரம், அந்தப் புகையோட தீபாவளி வெடி, வாகனம், கட்டடத் தூசி, செங்கல் சூளை எல்லாம் சேரும், காத்தும் அடிக்காது, கீழ குளிர் காத்து மேல சூட்டுக் காத்துன்னு சட்டிக்கு மூடி போட்ட மாதிரி அப்பிடியே நிக்கும். நம்ம நுவரெலியா பனிமூட்டம் மாதிரிதானேன்னு நெனைக்காதீங்க. நம்ம மூட்டம் மொகத்துல பட்டா ஈரம், அது பட்டா கண்ணு எரியும், தொண்டை கரகரக்கும், கருகின வாசம் வரும்.

நம்பர் பாக்குறதுக்கு இந்திய அரசாங்கத்தோட சமீர்னு ஒரு ஆப் இருக்கு. அதுல ஏக்யூஐ (காத்து எவ்வளவு அழுக்குன்னு சொல்ற நம்பர்) 500க்கு மேல காட்டாது, வெளிநாட்டு ஆப்ல அதே நாளுக்கு 1000 தாண்டியும் காட்டும், ரெண்டும் வேற வேற ஸ்கேல், கொழம்பாம பி.எம் 2.5 (நுரையீரல் வரைக்கும் போற நுண்தூசி) ஒரு கன மீட்டர் காத்துல எத்தன மைக்ரோகிராம்னு மட்டும் பாருங்க. உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்னது வருச சராசரி 5, ஒரு நாளைக்கு 15. இந்தியா தனக்கு வச்சிருக்குற அளவு வருசத்துக்கு 40, நாளுக்கு 60. குளிர்கால மோசமான நாள்ல அங்க 200, 300ன்னு போகும். "டெல்லி"ன்னு மொத்தமா பாக்காம ஆபீஸ் பக்கத்துல இருக்குற காத்து அளக்குற ஸ்டேஷன (நொய்டான்னா செக்டர் 62, செக்டர் 125, குருகிராம்னா செக்டர் 51, விகாஸ் சதன்) போன நவம்பர் மாசத்துக்கு எடுத்துப் பாருங்க.

அடுத்து, உங்களோட யாரு வாறாங்க? எனக்கு இதுதான் முக்கியம், சம்பளம்கூட இதுக்கு அப்புறம்தான். தனி ஆளு, நெஞ்சுல ஒண்ணுமில்ல, ரெண்டு வருசம் அனுபவத்துக்குப் போறீங்கன்னா போகலாம். சின்னப் பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வருது, பம்ப் அடிக்கிறீங்க, இல்லாட்டி அம்மாவையும் கூட்டிட்டுப் போகப் போறீங்கன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். லயத்துல வெறகடுப்புப் புகையிலயே காலத்த ஓட்டின அம்மாமாருக்கு நெஞ்சு ஏற்கனவே அடி வாங்கினதுதான், மலையில இருக்குறதால சுத்தம்னு நம்பிடாதீங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஊதிப் பாக்குற நுரையீரல் டெஸ்ட்ட எடுத்துட்டு டொக்டர்கிட்ட வெவரமாப் பேசுங்க. அங்க காத்து ரொம்ப மோசமான நாள்ல ஸ்கூல்ல ஒன்லைன் வகுப்புன்னு சொல்லிடுவாங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னா பிள்ளைய யாரு பாத்துக்குறதுன்னும் இப்பவே யோசிங்க.

வீடு ஆபீசுக்குக் கிட்டயா இருக்கட்டும், மெயின் ரோட்ட விட்டுத் தள்ளியும் இருக்கட்டும். ஏசி இருக்குன்னா போதும்னு நெனைப்பாங்க, சாதாரண ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்குற காத்தத்தான் சுத்தி விடும், நுண்தூசியப் பிடிக்காது. ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியப் பிடிக்கிற வடிகட்டி) உள்ள ப்யூரிஃபையர், அதாவது காத்தச் சுத்தம் பண்ற மெஷின்தான் வேணும். 10க்கு 12 அடி ரூம், 10 அடி ஒசரம்னா கிட்டத்தட்ட 34 கன மீட்டர், மணிக்கு அஞ்சு தடவ சுத்தணும்னா சி.ஏ.டி.ஆர் (மணிக்கு எத்தன கன மீட்டர் சுத்தமான காத்து தரும்ங்கிற அளவு) 170 இருக்குற மெஷினாப் பாருங்க. ஃபில்டர் விலையையும் கேளுங்க, மெஷின் மலிவா இருந்து ஃபில்டர்ல காசு புடுங்குற சாமான் நெறைய. வெளிய போக என்95 மாஸ்க், தாடி வச்சிருந்தா அது ஒட்டாது, ஓரத்தால எல்லாம் உள்ள வந்துடும். குளிர நாம சமாளிச்சிடுவோம், மே, ஜூன்ல 45 பாகை வெயில் வரும், அதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கோங்க.

இப்போ காசு. சம்பளத்த அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம ரூபாவுக்கு மாத்திப் பாத்து வாயப் பொளக்காம, வாடகை, வீட்டு டெபாசிட், ப்யூரிஃபையர் (ஒவ்வொரு படுக்கையறைக்கும்), வருசத்துக்கு ஃபில்டர், டிக்கெட் எல்லாத்தையும் கழிங்க, நவம்பர்ல பிள்ளையோட ரெண்டு மாசம் ஊருக்கு வந்து நிக்கிற செலவையும் சேத்து. மிஞ்சுறது கொழும்புல கெடைக்கிற வேலைய விட ரொம்பக் கூட இல்லன்னா எதுக்கு? விசா 180 நாளுக்கு மேலன்னா போய் 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓல (வெளிநாட்டுக்காரங்க பதியுற இந்திய அரசாங்க ஆபீஸ்) பதியணும், இங்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் முடிச்சிட்டுக் கெளம்புங்க.

எச்.ஆர்கிட்ட கூச்சப்படாமக் கேளுங்க, போன்ல இல்ல, ஈமெயில்ல. குளிர்காலத்துல வீட்ல இருந்து வேலை செய்ய விடுவீங்களா, ப்யூரிஃபையருக்குக் காசு தருவீங்களா, இன்ஷூரன்ஸ் பழைய நோய்க்கும் மொத நாள்ல இருந்தே கவரா, வேலைய நடுவுல விட்டா கட்ட வேண்டிய பாண்ட் காசு எவ்வளவு. அதோட இத மறக்காமக் கேளுங்க: சென்னை, பெங்களூர்ல உங்களுக்கு ஆபீஸ் இருக்கா, அங்க இருந்து இதே வேலைய செய்யலாமா? சம்பளம் கொஞ்சம் கொறைஞ்சாலும் நானா இருந்தா சென்னைக்கே கையெழுத்து வைப்பேன்.