உங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) மேல் காற்றாலை லைன் வருகிறதா? கையெழுத்துப் போடும் முன்

கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காத்தாடிகள் ஒவ்வொன்றாக வந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் காத்தாடிகளிலிருந்து கரண்டு எடுத்துப்போகும் லைன் 2019-ல் என் விளைக்கு மேல் போனது. பிச்சிப்பூவுக்கு நடுவே நின்ற பதினான்கு தென்னை போனது. மரத்துக்குக் காசு தந்தார்கள், அதுவும் ஒன்பது மரத்துக்கு. நிலத்துக்கு என்று எதுவும் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

போன வருஷம் கொழுந்தனார் ஓடி வந்தார். "மைனி, லைன்காரங்க முளை அடிச்சிட்டு நிக்காங்க, கையெழுத்துக் கேக்காங்க." நான் சொன்னது ஒன்றுதான்: "இன்னைக்குப் போடாத தம்பி. பத்து நாள் தவணை கேளு." அந்தப் பத்து நாளில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது யார் பணம் என்று புரிந்துகொள்ளுங்கள். காத்தாடியை ஒரு வருஷத்துக்குள் நட்டுவிடலாம். அதன் கரண்டைத் தூரத்து ஊருக்குக் கொண்டுபோகும் பெரிய லைனுக்குப் பல வருஷம் ஆகும். நம் பக்கம் வைகாசியில் பிடிக்கும் காற்று புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். ஆடியில் லைன் நிரம்பி வழியும், மாசியில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட லைனில் யார் முதல் போடுவார்? லைன் இல்லாவிட்டால் நல்ல காற்று வீசும் நாளிலேயே காத்தாடியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். காத்தாடியில் வேலை பார்க்கும் பையன்கள் அதை 'பேக்டவுன்' என்பார்கள். அந்த நேரத்துக் காற்று போனது போனதுதான், சேர்த்து வைக்க முடியாது.

அதனால்தான் அரசு பணம் போடுகிறது. பசுமை எரிசக்தி வழித்தடம் என்ற திட்டத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்கள், மொத்தம் சுமார் 10,141 கோடி ரூபாய். அதில் 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. இரண்டாம் கட்டத்துக்கு 2022 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏழு மாநிலங்கள், 12,031 கோடி, அதில் 33 சதவீதம் மானியம். இதிலும் தமிழ்நாடு இருக்கிறது. மானியமாக வரும் பணத்துக்கு வட்டி கட்ட வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். லைன் செலவு நம் கரண்டு பில்லில் அந்த அளவுக்குக் குறைவாக ஏறும். எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மதிப்பு உண்டு. நம் காற்று வீணாகக் கூடாது.

ஆனால் இப்படி ஒரு லைனுக்கு மதிப்பீடு போடும்போதே கம்பி, கோபுரம், கூலியோடு, நிலத்துக்காரருக்கான இழப்பீட்டுக்கும் தொகை வைக்கிறார்கள். நீங்கள் கேட்பது அந்தக் கணக்கில் உங்களுக்கு உரியது. யாருடைய தயவும் இல்லை, வேலையைக் கெடுப்பதும் இல்லை.

அடுத்தது, எந்த லைன் என்று கேளுங்கள். வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள், அவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் "எல்லாம் கவர்ன்மென்ட் லைன்தான்" என்று முடித்துவிடுவார். மூன்று வகை உண்டு. மாநில அரசின் மின்தொடரமைப்புக் கழகமான டான்டிரான்ஸ்கோ போடுவது ஒன்று. மாநிலம் விட்டு மாநிலம் போகும் லைனை மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட்டோ ஏலத்தில் எடுத்த தனியார் நிறுவனமோ போடும். மூன்றாவது, காற்றாலை முதலாளி தன் காத்தாடியிலிருந்து துணைமின் நிலையம் வரை சொந்தச் செலவில் இழுப்பது. நம் பக்கம் இது நிறைய, பெரும்பாலும் 33 கேவி (கிலோவோல்ட், லைனின் மின்னழுத்த அளவு). இதில் அரசுப் பணம் கிடையாது, கீழே நான் சொல்லும் இழப்பீட்டு விகிதமும் செல்லாது, ஏனென்றால் அந்த விகிதத்தைச் சொல்லும் மத்திய மின்துறை வழிகாட்டுதல் 66 கேவிக்கும் அதற்கு மேலும்தான். ஆனால் உங்கள் கை அங்கே ஓங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உரிமதாரர் பணிகள் விதிப்படி, தனி அதிகார ஆணை இல்லாதவர் நிலத்துக்காரரின் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் மறுத்தால் அவர் கலெக்டரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே விலையை நீங்களே பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

டான்டிரான்ஸ்கோ, பவர்கிரிட் லைன் என்றால் நிலைமை வேறு. மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ஆம் பிரிவில், பழைய 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை, அதாவது நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமலே லைன் போடும் அதிகாரத்தை, அவர்களுக்குக் கொடுக்க முடியும். தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் மின்பாதைக்கு அந்தப் பகுதி செல்லும். இதை மறைக்காமல் சொல்கிறேன்: அப்படிப்பட்ட லைனை நீங்கள் நிறுத்த முடியாது. தடுத்தால் கலெக்டர் உத்தரவோடு வருவார்கள். ஆனால் நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பட்டா மாறாது. அவர்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். கம்பிக்குக் கீழே வாழை போடலாம், பிச்சி போடலாம், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் விதைக்கலாம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. என் கொழுந்தனார் அங்கேதான் மகளுக்கு வீடு கட்ட நினைத்திருந்தார். அந்த இழப்புக்குத்தான் இழப்பீடு.

இப்போது கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள்.

மத்திய மின்துறை 2015 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் போட்டது: கோபுரத்தின் நான்கு காலுக்குள் அடங்கும் நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை உயர்த்தினார்கள். கோபுரத்தடிக்கு 200 சதவீதம், அதுவும் கால்களுக்கு வெளியே நாலு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்து. வழித்தடத்துக்கு 30 சதவீதம். 2025 மார்ச்சில் நகராட்சிப் பகுதிக்கும் பெருநகரத்துக்கும் வழித்தட விகிதத்தை இன்னும் கூட்டினார்கள், கிராமத்துக்கு 30 தான். மாநிலங்கள் இதை அப்படியே ஏற்கலாம், மாற்றியும் ஆணை போடலாம். அதனால் "என் லைனுக்கு எந்த ஆணை, எந்தத் தேதி?" என்று எழுதிக் கேட்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் கணக்குப் புரிய, சென்ட் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 230 கேவி கோபுரம், ஒரு காலிலிருந்து அடுத்த கால் 8 மீட்டர். பழைய முறையில் 64 சதுர மீட்டர், அதாவது 1.58 சென்ட். 85 சதவீதம் என்றால் சுமார் 20,100 ரூபாய். புது முறையில் பத்துக்குப் பத்து, 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 200 சதவீதம் என்றால் சுமார் 74,100. ஒரே கோபுரம், ஒரே மண்.

கோபுரம் இல்லாமல் கம்பி மட்டும் போகும் விளைக்காரர்தான் அதிகம் ஏமாறுகிறார், நான் ஏமாந்ததும் அதில்தான். கம்பியின் நிழல் விழும் அகலம்தான் வழித்தடம் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றில் கம்பி ஊசலாடும், அதற்கும் சேர்த்துத்தான் அகலம். வழக்கமாக 110 கேவிக்கு 22 மீட்டர், 220, 230 கேவிக்கு 35 மீட்டர், 400 கேவிக்கு 46 மீட்டர் என்று எடுப்பார்கள். கோபுர வகையைப் பொறுத்து மாறலாம், உங்கள் லைனுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 35 மீட்டர் என்றால் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பதினேழரை மீட்டர். அவர்கள் அடித்த முளையிலிருந்து நூல் பிடித்து, டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். கொழுந்தனார் விளைக்குள் லைன் 40 மீட்டர் நீளம் போகிறது. 35 பெருக்கல் 40, 1,400 சதுர மீட்டர், சுமார் 34.6 சென்ட். அதே 15,000 விலைக்கு 30 சதவீதம் என்றால் 1,55,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 15 சதவீதம் என்றால் அதில் பாதி. ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

நில மதிப்பை மாவட்ட நிர்வாகம்தான் முடிவு செய்யும். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து அச்சு எடுங்கள். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற விலை அதைவிடக் கூடுதல் என்றால் அந்தப் பத்திர நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள். நஞ்சை, புஞ்சை, மனை என்று எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். பட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் உடனே பூதப்பாண்டி தாலுகா அலுவலகம் போங்கள், அங்கேதான் பலருக்கு மாசக்கணக்கில் காசு நிற்கிறது.

மரக்கணக்கு நிலக்கணக்கிலிருந்து தனி. என் விஷயத்தில் காய்ப்புக்கு வராத ஐந்து தென்னம்பிள்ளையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைக் கேட்கப் போனபோது மரமும் இல்லை, குற்றியும் இல்லை, தோண்டி மூடிவிட்டார்கள். ஆகையால் வெட்டும் முன் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் போடுங்கள். எண் தெரிய ஒரு படம், தூரத்தில் நின்று பக்கத்து மரங்களோடு ஒரு படம். வயது, காய்ப்பு, பிள்ளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும்போது அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். வெட்டிய மரத்தடி யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். நிற்கும் பயிருக்கும் உண்டு: கோபுரம் நடும்போது ஒருமுறை, கம்பி இழுக்கும்போது ஒருமுறை என்று பயிர் இரண்டு தடவை மிதிபடும். இரண்டு தடவையும் எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, லைன் வேலையைப் பார்க்கும் செயற்பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நாங்கள் கேட்டவை: லைனின் பெயர், மின்னழுத்தம், எந்தத் திட்டப் பணம்; 164-ஆம் பிரிவு ஆணையின் நகல்; வழித்தட அகலம்; இழப்பீட்டுக்கு எந்த அரசாணை; எங்கள் சர்வே எண்ணுக்குப் போட்ட மதிப்பீட்டின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு இருபத்தாறாவது நாள் வந்தது.

கூடவே நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுங்கள். விவசாயிகளுக்கென்று மாசம் ஒருமுறை நடக்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம், அங்கே பல துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே லைனில் வரும் பக்கத்து விளைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போனால் பேச்சு எடுபடும். நாங்கள் ஏழு பேர் போனோம், அதில் நாலு பேர் பெண்கள்.

தொகை குறைவு என்று தோன்றினால் வாங்கவே மாட்டேன் என்று நிற்க வேண்டாம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதி வாங்குங்கள். தொகை போதுமா என்ற தகராறுக்குத் தந்திச் சட்டம் 16(3)-ன்படி மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். "முழுமையாகப் பெற்றுவிட்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்று அச்சடித்த வரி இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். நான் 2019-ல் படிக்காமல் விட்ட வரி அதுதான்.

இதற்கிடையே கடலிலும் காற்றாலை வைக்கத் திட்டம் இருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது, தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500. கடலுக்குள் விளையும் கரண்டும் கரை ஏறித்தானே போக வேண்டும், அப்போது இன்னும் பல விளைகளில் முளை அடிப்பார்கள். ஒரு நோட்டு, ஒரு டேப், பட்டா நகல் நாலு, முத்திரை போட்டு வாங்கிய மனுக்களின் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டுக் கவர் சாமி படத்துக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கிறேன்.