மாட்டைப் பாதியில் கழற்றாதீர்கள்

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ஸ்கைரிம்ல அந்த வேட்டை மாட்டை எடுத்துட்டேன். நல்லாத்தான் ஓடுது." தருமபுரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆயா, "எந்த மாட்டடா வித்தான்?" என்று பதறினார். ஸ்கைரிம் ஒரு கணினி கேம். மாட் என்பது அதை மாற்ற ரசிகர்கள் செய்து போடும் கோப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2017-இல் நானும் இதையேதான் சொன்னேன்.

விளக்கக் குறிப்பைப் படி, முதலில் மாட் இல்லாமல் ஓட்டிப் பார் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். மாட் போட்டு ஆடுபவர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

ஆட்டத்தின் நடுவே மாட்டை நீக்குவது

எல்லா மாட்டும் ஒரே வகை இல்லை. கல், மரம், துணியின் தோற்றத்தை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் மாட்டை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம். ஸ்கிரிப்ட், அதாவது கேமுக்குள் ஓடும் சிறு நிரல் உள்ளது வேறு. ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் மொழி பாப்பிரஸ். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டும் அதன் கணக்கு வழக்கும் ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். மாட்டை நீக்கினால் ஃபோல்டரிலிருந்து போகும், சேவிலிருந்து போகாது. சந்தூர் பக்கம் மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒட்டுப் பிடித்த பிறகு அடிச்செடியைத் தனியாக உருவ முடியுமா?

உடனே எதுவும் கெடாது என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். பசி, குளிர் சேர்க்கும் ஒரு மாட் சலித்துப்போய் நீக்கினேன். நான்கு நாள் ஜோராக ஓடியது. ஐந்தாம் நாள் கேமில் குவெஸ்ட் (செய்து முடிக்க வேண்டிய பணி) கொடுக்க வேண்டிய ஆள் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஊருக்குள் நுழைந்தாலே கேம் மூடிக்கொண்டது. பழைய சேவுக்குப் போகலாம் என்றால், வைத்திருந்ததே மூன்று. அவற்றின் மேலேயே மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். மூன்றும் நீக்கிய பிறகு எடுத்தவை. 110 மணி நேர ஆட்டம். மாட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சேவைத் திருத்தும் ரீசேவர் கருவியால் அநாதையாய்க் கிடந்த ஸ்கிரிப்டுகளைத் துடைத்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது, பிழைக்கவில்லை.

நீக்கியே தீர வேண்டுமா? அந்த மாட் போடுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புங்கள். மனசு வராவிட்டால் அதன் மெனுவில் நிறுத்தும் வசதி உண்டா பாருங்கள். நிறுத்தி வையுங்கள், கோப்பைத் தொடாதீர்கள். புது மாட்டைச் சோதிக்கத் தனியாக ஒரு புது ஆட்டம் தொடங்குங்கள்.

தம்பியிடம் இத்தனையும் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணுதானேண்ணா எடுத்தேன்" என்கிறான்.

தானாக அப்டேட் ஆகவிடுவது

2021 நவம்பர் 11 அன்று, ஸ்கைரிமின் பத்தாம் ஆண்டு அப்டேட் வந்தது. ஸ்கிரிப்ட் வசதியைக் கூட்டும் துணைக் கருவியான எஸ்கேஎஸ்இயை நம்பியிருந்த மாட்டுகள் கொத்தாகப் படுத்துவிட்டன. கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் 'திறக்கும்போது மட்டும் அப்டேட்' என்று மாற்றிவிட்டு, கேமை எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள்.

லோட் ஆர்டரை லூட்டிடம் விட்டுவிடுவது

மாட்டுகள் லோட் ஆகும் வரிசையை லூட் என்னும் கருவி அடுக்கித் தரும், சரி. ஆனால் ஒரே வாளை இரண்டு மாட் மாற்றினால் கடைசியில் லோட் ஆவதுதான் ஜெயிக்கும். எது ஜெயிக்க வேண்டும் என்பதை மாட்டுகளின் மோதலைக் காட்டும் எஸ்எஸ்இஎடிட் கருவியில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கேம்

வேண்டாம். அந்த ஃபோல்டரில் கோப்புகளை மாற்ற விடாமல் விண்டோஸ் கையைக் கட்டிப்போடும்.

254-க்கு மேல் முழு பிளகின்

ஏறாது. பிளகின் என்பது மாட்டின் தகவல் கோப்பு. லைட் எனப்படும் சிறு வகைக்குத் தனிக் கணக்கு.

மூன்றே மூன்று சேவ்

மேலே சொல்லிவிட்டேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.