சான் ஆன்டோனியோ போனால் அலமோவைக் கடைசியில் பாருங்கள்

டெக்சாஸுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களைச் சான் ஆன்டோனியோவுக்குக் கூட்டிப்போவது இங்கே கிட்டத்தட்ட ஒரு சடங்கு. நேரே அலமோ, வாசலில் ஒரு படம், ஆற்றில் படகு, சாப்பாடு, வீடு. முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன், அதுவும் ஜூலை மாதம் உச்சி வெயிலில். அம்மா அந்தச் சின்னத் தேவாலயத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் கூட்டிப்போன வரிசைதான் தப்பு.

அலமோ தனிக்கட்டடம் இல்லை, ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரிகள் அமைத்த ஐந்து மிஷன்களில், அதாவது மதப்பரப்புக் குடியிருப்புகளில், ஒன்று. கிழக்கே லூசியானாவில் பிரெஞ்சுக்காரர்கள், வடக்கே அப்பாச்சி பழங்குடியினர், பிற்காலத்தில் கமாஞ்சி பழங்குடியினர் என்று நெருக்கடி இருந்த எல்லையில், 1718-இல் ஸ்பெயின் இங்கே ஒரு கோட்டைக்காவலையும் முதல் மிஷனையும் நிறுவியது. அந்த முதல் மிஷன்தான் அலமோ. இந்த மண்ணின் பழங்குடிகளை மதம் மாற்றி, உழவு பழக்கி, ஸ்பெயின் அரசனுக்குக் குடிகளாக்குவது திட்டம். ஐந்தும் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அலமோ தவிர மற்ற நான்கும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஆகவே காலையில் தெற்குக் கோடியில் இருக்கும் எஸ்படா மிஷனில் ஆரம்பித்து, ஆற்றை எதிர்த்து வடக்கே வாருங்கள். கார் இருந்தால் நிம்மதி. ஆற்றோரமாகவே நல்ல பாதை இருக்கிறது, சைக்கிளிலும் வரலாம், ஆனால் அது குளிர்காலத்துக்கான யோசனை. கோடையில் தொப்பியும் ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் காரைவிட்டு இறங்காதீர்கள்.

எஸ்படா தேவாலயம் சின்னது, மேலே மூன்று மணிகள். அதைவிட அதன் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். 1745 வாக்கில் கட்டியது, இரண்டு கல் வளைவுகள், கீழே ஓடை, மேலே வாய்க்கால். இன்னும் தண்ணீர் ஓடுகிறது! முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள், தேவாலயத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால். இந்த வாய்க்கால்களை அசேகியா என்கிறார்கள். ஊரே இவற்றை நம்பித்தான் இருந்தது, தண்ணீர் பாயாத இடத்தில் மக்காச்சோளம் ஏது, மக்காச்சோளம் இல்லாமல் மிஷன் ஏது? ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், மற்ற மிஷன்கள் ஏன் இந்த ஆற்றைவிட்டு நகரவில்லை என்று விளங்கிவிடும். அடுத்து சான் ஹுவான், அரை மணி நேரம் போதும்.

சான் ஹொசேவுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பூங்காவின் பார்வையாளர் மையம் இங்கேதான். சுற்றுமதிலோடு ஒட்டிப் பழங்குடிக் குடும்பங்கள் வாழ்ந்த அறைகள், தானியக் களஞ்சியம், 1794 வாக்கில் கட்டிய மாவு மில் என்று ஒரு முழு ஊரே மதிலுக்குள் இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மதிலிலும் வீடுகளிலும் பெரும்பகுதி 1930-களில் திரும்பக் கட்டியது. ரோஜா ஜன்னல் என்று எல்லோரும் படம் எடுக்கும் கல் வேலைப்பாடு முன்வாசலில் இல்லை, பக்கச் சுவருக்குச் சுற்றிப் போக வேண்டும். நான்கு தேவாலயங்களிலும் இன்னும் பூசை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உள்ளே போவதென்றால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்செப்சியோன் 1755-இல் முடிந்தது, பெரிதாகப் பழுதுபார்க்காமலே நிற்கிறது. பக்கத்து அறை ஒன்றில் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் ஒரு சூரியன், மனித முகத்தோடு, மீசையோடு. இரண்டாம் தடவை, நவம்பரில், அம்மா அதிக நேரம் நின்றது அங்கேதான்.

சாயங்காலம் அலமோ. தேவாலயத்துக்குள் போகக் காசு இல்லை, ஆனால் நேரம் குறித்த இலவச டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். படங்களில் பார்க்கும் அந்தத் திமில் போன்ற முகப்பு 1836-இல், மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பிய டெக்சாஸ்காரர்களை மெக்சிகோ ராணுவம் இங்கே முற்றுகையிட்டபோது கிடையாது, அமெரிக்க ராணுவம் 1850-இல் வைத்தது. சண்டை நடந்த காலத்தில் தேவாலயத்தின் பெரும்பகுதிக்குக் கூரையே இல்லை. அன்றைய கோட்டை இப்போதைய சதுக்கத்தின் மேல் பரந்திருந்தது, அதனால் வாசலில் படம் எடுத்ததும் திரும்பி நின்று தரையையும் பாருங்கள். 13 நாள் முற்றுகை, உள்ளே சுமார் 200 பேர். உள்ளே இருந்து போராடி மாண்ட கிராக்கெட், போவி, டிராவிஸ் பெயர்கள் எங்கும் இருக்கும். டிராவிஸின் அடிமையான ஜோ உயிர்தப்பி, நடந்ததைப் பின்னர் சொன்னவர், அவரையும் தேடிப் படியுங்கள். மெக்சிகோ 1829-இல் அடிமை முறையை ஒழித்திருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் வீரக்கதை அவ்வளவு நேர்கோடாக இருக்காது.

கால் வலிக்கவில்லையென்றால் மேற்கே நடந்து ஸ்பானிய ஆளுநர் மாளிகைக்குப் போகலாம். சின்னக் கட்டணம் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கோட்டைத் தலைவரின் வீடு, வாசல் நிலைமேல் 1749 என்று செதுக்கியிருக்கும். சாப்பாட்டுக்கு ஆற்றோரப் படிகளில் இறங்காமல் இரண்டு தெரு தள்ளிப் போங்கள், பில் பாதியாகும்.