வாசலில் நட்சத்திரம், வீட்டுக்குள் காலித் தொட்டி: திருவருகைக் காலத்தை முதன்முறை கடைப்பிடிக்கும் குடும்பங்களுக்கு

டிசம்பர் பிறந்ததும் காட்பாடியில் எங்கள் தெருவில் மாலை ஆறரைக்கெல்லாம் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிவிடும். பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா ஒத்திகை, அலுவலகத்தில் கேக், பக்கத்து வீட்டில் பாட்டு. அதே வாரம் கோவிலுக்குப் போனால் குருவானவர் ஊதா உடையில் நிற்பார். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலைப் பாடமாட்டார்கள். தெருவுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, கோவிலுக்கு இன்னும் வரவில்லை. அங்கே நடப்பது திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் நாட்கள். நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் சில ஆண்டுகள் திண்டாடினோம்.

ஓர் ஆண்டு குடில் (இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைப்பது), மரம், கேக் எல்லாவற்றையும் முதல் தேதியே முடித்துவிட்டோம். 25-ஆம் தேதி மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு சின்னவன், "அவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டான். 27-ஆம் தேதி நட்சத்திரத்தை அவிழ்த்துவிட்டோம். அடுத்த ஆண்டு நான் நேர்மாறாக, 24 வரை எதுவும் கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். பாடல் குழு வாசலுக்கு வந்தபோது பெரியவள் அறைக்குள் போய் அழுதாள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். வெளியிலிருந்து வரும் கொண்டாட்டத்தை மனதார ஏற்றுக்கொள்வோம். வீட்டுக்குள் சிலவற்றை மட்டும் நேரம் வரும்வரை நிறுத்திவைப்போம். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நாட்களைக் குறியுங்கள்

திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு அதன் தொடக்கம். அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்தத் தேதியிலும் வரலாம். அதனால் இந்தக் காலம் சில ஆண்டுகளில் 28 நாள், சில ஆண்டுகளில் 22 நாள்தான். 2026-இல் நவம்பர் 29 அன்று தொடங்குகிறது.

நாட்காட்டியில் இன்னும் இரண்டு தேதிகளை வட்டமிடுங்கள். ஒன்று டிசம்பர் 17. திருவருகைக் காலத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. 16-ஆம் தேதி வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையை நினைக்கிறோம். 17 முதல் 24 வரை பெத்லகேம் பிறப்புக்கு நேரடியாகத் தயாராகிறோம். வீட்டு அலங்காரத்துக்கு இதைவிட நல்ல எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா. கிறிஸ்துமஸ் காலம் முடிவது அன்றுதான், 26-ஆம் தேதி காலையில் அல்ல.

படி 2: வளையம் செய்யுங்கள்

திருவருகைக் கால வளையத்துக்கு ஊதா மெழுகுவத்தி மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று, நடுவில் வெள்ளை ஒன்று வேண்டும். ஊதா மெழுகுவத்தியைத் தேடி வேலூர் லாங் பஜார் முழுவதும் அலைய வேண்டாம். சாதாரண வெள்ளை மெழுகுவத்தியின் அடியில் ஊதா ரிப்பன் கட்டினால் போதும்.

அடித்தளத்துக்குப் பானை வைக்கும் வைக்கோல் பிரிமணையைப் பயன்படுத்துகிறோம். ஊரில் ஆயா வீட்டு அடுப்பங்கரையில் கிடந்த பழையது அது. ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் பிரிமணையை வைத்து, அதைச் சுற்றிச் சவுக்குத் தழையைச் செருகுங்கள். மெழுகுவத்திகளைத் தழையில் நேராகக் குத்தாமல், மணல் நிரப்பிய சிறு கிண்ணங்களில் நிறுத்துங்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. இரண்டாம் வாரம் தழை காய்ந்து, ஊசி இலை ஒன்றில் பற்றிய தீ சடசடவென்று கைப்பிடி அளவுக்கு ஏறிவிட்டது. இப்போது சனிக்கிழமைதோறும் தழையை மாற்றுகிறோம், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும், செபம் முடிந்ததும் அணைத்துவிடுவோம்.

முதல் ஞாயிறு ஓர் ஊதா, இரண்டாம் ஞாயிறு இரண்டு. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அன்று ரோஜா நிறம். நான்காம் ஞாயிறு நான்கும் எரியும். நடுவில் இருக்கும் வெள்ளையை யாரும் தொடக்கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் விளக்கை அணைத்துவிட்டு வளையத்தை ஏற்றி, ஒரு சிறு செபம் சொல்லி, ஒரு பாட்டின் ஒரு சரணம் பாடினால் ஐந்து நிமிடம். இதற்கு மேல் நீட்டாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் நீளமான செபம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

படி 3: எது இப்போது, எது பிறகு என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்

முதல் ஞாயிறுக்கு முந்தைய இரவு இதைச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் நட்சத்திரம் முதல் ஞாயிறே ஏறிவிடும். குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகளுக்கு வழிகாட்டியது அதுதானே. காத்திருக்கும் காலத்தில்தான் அதற்கு வேலை. மரமும் சீரியல் விளக்கும் 17-ஆம் தேதி. குடிலை அன்றே கட்டத் தொடங்கலாம், ஆனால் தீவனத் தொட்டி காலியாக இருக்கும். கேக் வெட்டுவதும் வெள்ளை மெழுகுவத்தி ஏற்றுவதும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டுப் பட்டியல் வேறாக இருக்கலாம், தவறில்லை. நிறுத்திவைப்பவை மூன்று நான்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் நிறுத்திவைக்கிறோம் என்பதைப் பிள்ளைகளே வாயால் சொல்லும் அளவுக்குப் பேசிவிடுங்கள்.

படி 4: வெளி விழாக்களை மறுக்காதீர்கள்

1900-இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியால், இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையால், பெயர் பெற்ற ஊர் எங்கள் வேலூர். நம் உறவிலும் தெருவிலும் பல சபையினர் கலந்திருக்கிறார்கள். அவர்கள் அன்போடு நீட்டும் கேக்கை, "எங்களுக்கு இன்னும் கிறிஸ்துமஸ் வரவில்லை" என்று திருப்புவது பக்தி ஆகாது. வாங்கிச் சாப்பிடுங்கள், நன்றி சொல்லுங்கள். பள்ளி நாடகத்தில் பிள்ளை இடையனாக நடித்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுங்கள்.

அன்பியத்திலிருந்து (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) பாடல் குழு வரும் இரவு வீட்டில் டீயும் முறுக்கும் தயாராக இருக்கட்டும். அவர்கள் பாடி முடித்ததும் எங்கள் வளையத்தில் அந்த வாரத்து மெழுகுவத்திகளை ஏற்றி, எல்லோருமாக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்வோம். பாட்டும் மத்தளமுமாக இருந்த வீடு ஒரு நிமிடம் அடங்கும். பிறகு டீ. மறு ஆண்டு குழுவில் இருந்த ஓர் அக்கா, "உங்கள் வீட்டில் அந்த மெழுகுவத்தி உண்டுதானே?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்.

படி 5: காத்திருப்பைக் கைகளுக்குக் கொடுங்கள்

பிள்ளைகளைச் சும்மா காத்திருக்கச் சொன்னால் முடியாது. டிசம்பர் 12-ஆம் தேதி வாக்கில் ஒரு பழைய தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைக்கச் சொல்லுங்கள். விதையை முதல் இரவு ஊறவையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகிவிடும். கிறிஸ்துமஸுக்குள் குடிலின் முன் பச்சைப் புல்வெளி தயார்.

குடில் கட்டும்போது அதன் கதையையும் சொல்லுங்கள். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியார் பிரான்சிஸ் பிறப்பின் காட்சியை அமைத்தபோது தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, இவைதான் இருந்தன. குழந்தை சுரூபம் இல்லாத தொட்டிக்கு முன்னால் மக்கள் கூடினார்கள். எங்கள் காலித் தொட்டியை நியாயப்படுத்த இந்தக் கதை எனக்கு மிகவும் உதவுகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல் வைத்திருப்போம். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால், யாருக்கும் சொல்லாமல் ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடலாம். மரியாவும் யோசேப்பும் சமையலறை ஜன்னலிலிருந்து நாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து வருவார்கள். மூன்று ஞானிகள் மொட்டைமாடிப் படிக்கட்டில் காத்திருப்பார்கள்.

பலகாரத்தில் அதிரசம் இந்தக் காலத்துக்கென்றே அமைந்தது. பச்சரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, ஈரப்பதம் போகும் முன் இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறுகிறோம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் உருண்டு வர வேண்டும். கிளறிய மாவு குறைந்தது இரண்டு நாள் மூடியிருந்தால்தான் எண்ணெயில் பிரியாமல் வரும். 21-ஆம் தேதி கிளறி 23-ஆம் தேதி சுடுங்கள். இடையில் பிள்ளைகள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். சுட்ட அன்று ஆளுக்கு ஒன்று, மீதி தூக்குக்குள்.

ஏழைகளுக்கான உண்டியலையும் ஒப்புரவு அருளடையாளத்தையும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்) உங்கள் பங்குக் கோவிலிலேயே நினைவூட்டுவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசி இரண்டு நாள் வரிசை நீளும், முன்னதாகவே போய்விடுங்கள்.

படி 6: கடைசி எட்டு நாட்கள்

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். 17 முதல் 24 வரை எட்டு நாள். நாளுக்குப் பத்து வசனம் வாசித்தால் கணக்குச் சரியாக வருகிறது. இதில் ஓர் அழகும் உண்டு. 19-ஆம் தேதி வாசகம் 30-ஆம் வசனத்தில் நிற்கும்: அஞ்ச வேண்டாம் என்று வானதூதர் மரியாவிடம் சொல்கிறார், அத்தோடு முடிகிறது. "அப்புறம்?" என்று சின்னவன் கேட்பான். அப்புறம் நாளைக்கு. 24-ஆம் தேதி வருவது திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியாவின் பாடலின் பின்பகுதி, இருளில் இருப்பவர்களைத் தேடி விடியல் வரும் என்கிற இடம். அன்று காலைத் திருப்பலியின் நற்செய்தியும் அதே பாடல்தான்.

படி 7: 24 இரவும் அதன் பிறகும்

நள்ளிரவுத் திருப்பலியில் வானவர் கீதம் மணியோசையோடு எழும்போது, நான்கு வாரம் அதைக் கேட்காத காதுக்கு அது வேறு மாதிரி ஒலிக்கும். வீடு திரும்பியதும் விளக்கைப் போடாதீர்கள். வெள்ளை மெழுகுவத்தியை மட்டும் ஏற்றுங்கள். வீட்டில் மிகச் சிறிய பிள்ளை குழந்தை இயேசுவை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைக்கோலில் கிடத்தட்டும். எங்கள் சின்னவன் போன ஆண்டு கிடத்திவிட்டு, அலங்கார விளக்கின் பட்டு நூல் ஒன்று குழந்தையின் முகத்தில் பட்டிருந்ததை ஊதி விலக்கினான். பிறகு சுவிட்சைப் போட்டோம், கேக் வெட்டினோம்.

இனிமேல்தான் கொண்டாட்டத்துக்கு ஆட்களும் நாட்களும் வேண்டும். உறவினர் வீட்டுப் பயணத்தை 26-க்குப் பிறகு வையுங்கள். திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு நாங்கள் அந்த வாரத்தில்தான் போகிறோம். பலகாரத்தில் பாதியை ஜனவரி முதல் தேதிக்கு எடுத்துவையுங்கள். ஞானிகள் குழந்தையைக் காண வந்ததை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழாவன்று அவர்களைப் படிக்கட்டிலிருந்து இறக்கிக் குடிலில் நிறுத்துங்கள். தெருவில் நம் வீட்டு நட்சத்திரம் மட்டும் தனியாக எரியும், எரியட்டும். யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது.

திருமுழுக்கு விழா முடிந்து போகிக்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். கேழ்வரகுப் புல் எதிர்வீட்டு மாட்டுக்கு. பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது குழந்தை இயேசுவை மட்டும் அவற்றோடு சேர்க்காமல், சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, 'டிசம்பர் 24' என்று மேலே எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.