நெகட்டிவ் மார்ஜின்: பிரெஞ்சுக்கு அளந்து தமிழை வெட்டாதீர்கள்

மொரீஷியஸில் கோவிலுக்கு ஒரு வலைப்பக்கம் செய்தால் பெரும்பாலும் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழியும் கேட்பார்கள். ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலுக்குக் காவடிப் பக்கம் செய்தபோது நான் செய்த தவறு இது. தலைப்புக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிந்தது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், படத்துக்கு மார்ஜின்-டாப் (மேல்புற வெளி இடைவெளி) -18 பிக்சல் கொடுத்துவிட்டேன். இப்படி மைனஸில் கொடுப்பதுதான் நெகட்டிவ் மார்ஜின், படம் அவ்வளவு மேலே ஏறும். பிரெஞ்சுத் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, வரிக்குக் கீழே எதுவும் இறங்காது. அதனால் அழகாக உட்கார்ந்தது. தமிழுக்கு மாற்றினால் 'பூ'வின் கீழ்ச்சுழியைப் படம் மூடிவிட்டது. தைப்பூசம் 'தைப்பசம்' ஆகிவிட்டது! சுவாமி பெயர் வரும் இடத்தில் இப்படி நடந்தால் மனசு கேட்காது.

நெகட்டிவ் மார்ஜினில் தப்பில்லை. இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே இழுத்ததுதான் தப்பு. ஹெச்1 (பக்கத்தின் முதன்மைத் தலைப்பு) தலைப்புக்கு பிரவுசரே மேலும் கீழும் 0.67 ஈஎம் மார்ஜின் வைக்கிறது (ஒரு ஈஎம் என்பது அந்த இடத்து எழுத்தின் அளவு). அதைக் குறைத்தாலே போதும். கட்டாயம் இழுக்கத்தான் வேண்டுமென்றால் பிக்சலை விட்டுவிட்டு தலைப்பின் கீழ் மார்ஜினில் ஈஎம்மாகக் கொடுங்கள், தலைப்பெழுத்தின் அளவோடு அதுவும் மாறும்.

அடுத்தது, பக்கவாட்டில். பூட்ஸ்டிராப் 3 என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பில், கட்டங்களை ஒரு வரிசையாக அடக்கும் ரோவுக்கு இருபுறமும் -15 பிக்சல் மார்ஜின் உண்டு. அதைத் தாங்க, ரோவைச் சுற்றியிருக்கும் கன்டெய்னர் என்ற வெளிப்பெட்டியின் 15 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) இருக்கிறது. கன்டெய்னர் இல்லாமல் ரோவை மட்டும் போட்டால் போனில் பக்கம் வலதுபுறம் ஆடும். இடதுபுறம் இன்னும் மோசம்: அங்கே வெளியே போனதை ஸ்க்ரோல் செய்தும் பார்க்க முடியாது. கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடத்தான் இதெல்லாம் என்றால், இன்று கிரிட் (கட்ட வரிசை) அமைப்பில் கேப் (gap) என்ற ஒரே வரி போதும்.

மார்ஜினுக்குப் பதிலாக, இடத்தை மாற்றும் பொசிஷன் ரிலேட்டிவ் கொடுத்து டாப் -20 பிக்சல் போட்டால் அந்தப் பெட்டி (தலைப்பு, படம் போன்ற பக்கத்தின் ஒரு பகுதி) மட்டும் மேலே போகும், அது இருந்த இடம் காலியாகவே நிற்கும். கீழே உள்ளதும் சேர்ந்து மேலே வர வேண்டுமென்றால் அங்கே மார்ஜின்தான் சரி.

அப்புறம், பொசிஷன் அப்சல்யூட் கொடுத்த பெட்டியின் உயரம் அதைச் சுற்றியுள்ள தாய்ப் பெட்டியின் கணக்கில் வராது. தேதிப் பட்டையைப் படத்தின் மூலையில் ஒட்ட அது நல்லது, தாய்ப் பெட்டிக்கு ரிலேட்டிவ் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள். பத்தி பத்தியாக எழுத்து வரும் இடத்தில் வேண்டாம். தமிழ் வாக்கியம் இரண்டு வரி நீண்டதும் கீழே இருப்பதன் மேல் ஏறிவிடும்.

இப்போதெல்லாம் பக்கத்தை வெளியிடுமுன் தலைப்பில் 'கூட்டுப் பூசை' என்று போட்டு, அகலத்தை 320 பிக்சலுக்குக் குறைத்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.